பழைய ஹாலிவுட் நகைச்சுவைகளில் பின்வயதுக் காதல்

பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்களில் ஐம்பதையும் அறுபதையும் கடந்தவர்கள் காதல் கொள்ளும் கதைகள் உண்டா, உண்டென்றால் அவை ஏன் பெரும்பாலும் படத்தின் ஓரத்திலேயே ஒதுங்கி நிற்கின்றன என்பது கேள்வி. உண்டு. எண்ணிக்கையில் குறைவு என்றாலும், அவற்றுள் சில அந்தக் காலத்தின் மிகச் சிறந்த நகைச்சுவைப் படங்களோடு தயங்காமல் சேர்த்து வைக்கத் தக்கவை. இளம் ஜோடிகளின் படங்களில் காதலுக்குத் தடையாக வருவது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் ஒரு குழப்பம்: மாற்றிச் சொன்ன பெயர், கை மாறிப்போன கடிதம், கோபக்காரத் தந்தை. வயதானவர்களின் கதையில் தடையாக நிற்பது அவர்கள் இதுவரை வாழ்ந்த வாழ்க்கைதான்: பழகிப்போன தனிமை, விட முடியாத வழக்கங்கள், பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை. அந்தத் தடையை நேர்மையாக எடுத்துக்கொண்ட படங்களையே இந்தக் கேள்விக்கு உரிய விடையாக நான் கருதுகிறேன்.

ஆகவே முதலில் சிலவற்றை விலக்கிவிட வேண்டும். ‘சப்ரினா’ (1954) படத்தில் ஹம்ப்ரி போகார்ட்டுக்கு வயது 54, ஆட்ரி ஹெப்பர்னுக்கு 25. ‘லவ் இன் தி ஆஃப்டர்நூன்’ (1957) படத்தில் கேரி கூப்பருக்கு 56, ஆட்ரிக்கு 28. அதில் ஆட்ரியின் தந்தையாக வரும் மொரிஸ் ஷெவாலியே, காதலராக வரும் கூப்பரைவிடப் பதின்மூன்று வயதுதான் மூத்தவர். இரண்டையும் இயக்கிய பில்லி வைல்டர் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இவற்றைப் பின்வயதுக் காதல் கதைகள் என்று சொல்ல மாட்டேன். நட்சத்திரத்துக்கு வயது ஏறிக்கொண்டே போக, நாயகியை மட்டும் புதிதாக மாற்றிக்கொண்டிருந்த ஸ்டுடியோ வழக்கத்தின் விளைவுகள் இவை. கதைக்குள் அந்த மனிதரின் வயது ஒரு பொருளாகவே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

இதை வெளிப்படையாக உணர்ந்தவர் கேரி கிராண்ட். ‘ஷரேட்’ (1963) வெளியானபோது அவருக்கு 59, உடன் நடித்த ஆட்ரிக்கு 34. தன்னில் பாதி வயதை ஒட்டிய பெண்ணைத் துரத்துபவராகத் தோன்ற அவர் விரும்பவில்லை. அதனால் நாயகி துரத்துவதாகவும், நாயகன் தன் வயதைச் சொல்லி விலகுவதாகவும் திரைக்கதை அமைந்தது. அதற்குப் பின் 1966-இல் ‘வாக், டோன்ட் ரன்’ என்ற படத்தோடு அவர் நடிப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அதில் அவர் நாயகனும் அல்லர். இளம் ஜோடியைச் சேர்த்துவைக்கும் பெரியவர். அது ‘தி மோர் தி மெரியர்’ (1943) என்ற போர்க்கால நகைச்சுவையின் மறு ஆக்கம். கிராண்ட் ஏற்ற வேடத்தை முதலில் செய்து ஆஸ்கர் பெற்றவர் சார்லஸ் கோபர்ன். காதல் நகைச்சுவையில் வயதானவருக்கு என்ன இடம் என்பதை இந்த ஒரு மாற்றமே காட்டிவிடுகிறது: காதலிப்பவர் முதுமை அடைந்தால் தரகராகிவிட வேண்டும்.

இந்த ஏற்பாடு ஹாலிவுட் கண்டுபிடித்தது அன்று. ரோமானிய நாடக ஆசிரியர் பிளாட்டஸின் நகைச்சுவைகளிலேயே காதல் கொண்ட கிழவர் ஊர் சிரிக்க வேண்டிய ஆள். அவருடைய ‘காசினா’ நாடகத்தில் மகன் விரும்பும் பெண்ணையே விரும்பும் தந்தை கடைசியில் அவமானப்பட்டுத் திரும்புகிறார். இளையோர் சேர்வதே நகைச்சுவையின் மங்கல முடிவு என்று ஆனபின், மூத்தோருக்கு மிஞ்சியவை மூன்றே வேடங்கள்: தடுப்பவர், சேர்த்துவைப்பவர், கேலிக்கு உள்ளாகுபவர். எர்ன்ஸ்ட் லூபிட்ஷின் ‘தி ஷாப் அரௌண்ட் தி கார்னர்’ (1940) போன்ற மென்மையான படத்தில்கூட இந்தக் கோடு தாண்டப்படவில்லை. மனைவியின் துரோகம் தெரிந்து உடைந்துபோகும் கடை முதலாளியாக ஃபிராங்க் மார்கன் நடித்திருக்கிறார். கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் தன்னோடு சாப்பிட யாராவது வருவார்களா என்று அவர் ஒவ்வொரு ஊழியரிடமும் பேச்சுக் கொடுத்துப் பார்க்கும் காட்சி, இளம் ஜோடியின் காட்சிகளுக்குச் சற்றும் குறைந்ததன்று. அவருக்குத் துணையாகக் கிடைப்பவன் புதிதாகச் சேர்ந்த எடுபிடிப் பையன். அவருடைய தனிமைக்குப் படத்தில் இடம் உண்டு. இன்னொரு காதலுக்கு இல்லை.

அதற்கு அடுத்த ஆண்டே வந்த ‘தி டெவில் அண்ட் மிஸ் ஜோன்ஸ்’ (1941) அந்தக் கோட்டைத் தாண்டியது. இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு படத்தை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். நார்மன் க்ராஸ்னா எழுதி சாம் வுட் இயக்கியது. உலகப் பெரும் பணக்காரர்களுள் ஒருவரான மெர்ரிக்குக்குச் சொந்தமான பல்பொருள் அங்காடி ஒன்றில் ஊழியர்கள் அவருடைய கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிடுகிறார்கள். கலகக்காரர்கள் யாரென்று கண்டுபிடிக்க, அவரே பெயரை மாற்றிக்கொண்டு அதே கடையின் செருப்புப் பிரிவில் விற்பனையாளராகச் சேர்கிறார். மெர்ரிக்காக நடித்த கோபர்னுக்கு அப்போது 63 வயது. அதே பிரிவில் வேலை செய்யும் எலிசபெத்தாக நடித்த ஸ்பிரிங் பையிங்டனுக்கு 54. ஜீன் ஆர்தரும் ராபர்ட் கம்மிங்ஸும் இளம் ஜோடி. கம்மிங்ஸ் தொழிற்சங்கம் கட்டப் போராடுபவன். கதைப்படி தடுப்பவரின் இடத்தில் நிற்க வேண்டியவர் மெர்ரிக். அந்தத் தடுப்பவரையே காதலில் விழவைத்ததுதான் க்ராஸ்னாவின் புதுமை.

அந்தக் காதல் எப்படி வளர்கிறது என்பதில்தான் படத்தின் அருமை இருக்கிறது. வயிற்றுக் கோளாறால் பிஸ்கட்டும் பாலுமாக நாளைக் கடத்தும் மனிதர், எலிசபெத் தன் கையால் செய்து கொண்டுவந்த உணவைப் பகிர்ந்து உண்கிறார். ஏவலுக்குக் காத்திருக்கும் ஆட்களையே இதுவரை பார்த்துப் பழகியவரிடம் முதன்முறையாக ஒருவர் எதையும் எதிர்பாராமல் அன்பாகப் பேசுகிறார். எலிசபெத்தோ பணக்காரரை மணப்பதில் நம்பிக்கை இல்லாதவர். மெர்ரிக்கைச் சாதாரண விற்பனையாளர் என்று நம்பித்தான் அவர் மனம் திறக்கிறார். ஆக, ஏழைபோல் நடிக்கும் பணக்காரர் உண்மையைச் சொன்னால் காதலை இழக்க நேரலாம். வழக்கமான வேடமாற்றக் கதைதான். ஆனால் இளைஞனுக்கு இது ஒரு விளையாட்டாக இருக்கும் இடத்தில், 63 வயதில் இது கடைசி வாய்ப்பாக இருக்கிறது என்பதைக் கோபர்னின் முகம் ஒவ்வொரு காட்சியிலும் சொல்கிறது. கோனி ஐலண்ட் கடற்கரைக்கு இரண்டு ஜோடிகளும் சேர்ந்து போகும் நீண்ட பகுதியில், கூட்டத்தில் வழிதவறிக் காவல் நிலையத்தில் மாட்டிக்கொள்ளும் மெர்ரிக்கை மீட்பவன் அவர் வேவு பார்க்க வந்த அதே தொழிற்சங்க இளைஞன். முதியவரின் காதலும் தொழிலாளர் உரிமைக் கதையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே நகர்கின்றன. எலிசபெத்தை நேசிக்காமல் அந்த முதலாளி தன் ஊழியர்களை மனிதர்களாகப் பார்த்திருக்க மாட்டார். க்ராஸ்னாவின் திரைக்கதையும் கோபர்னின் நடிப்பும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டன. விளம்பரங்களில் முன்னால் நின்ற பெயர் ஜீன் ஆர்தருடையது. படத்தைப் பார்த்து முடித்தால் கதையின் அச்சாணி கோபர்ன் என்பதில் ஐயம் இருக்காது.

இப்படிப்பட்டவை ஏன் அதிகம் வரவில்லை? ஸ்டுடியோக்கள் நாயக நாயகியரை ஒரு பட்டியலாகவும், குணச்சித்திர நடிகர்களை வேறொரு பட்டியலாகவும் ஒப்பந்தத்தில் வைத்திருந்தன. மாமா, அத்தை, வீட்டு வேலைக்காரர், முதலாளி என்று ஆண்டுக்குப் பல படங்களில் தோன்றும் கோபர்னையும் பையிங்டனையும் போன்றோர் இரண்டாவது பட்டியலைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கெனக் காதல் கதை எழுதும்படி எழுத்தாளர்களிடம் யாரும் கேட்கவில்லை. ரசிகர்கள் வயதானவர்களைப் பார்க்க வரமாட்டார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. மேரி டிரெஸ்லர் தம் அறுபதுகளில் ‘மின் அண்ட் பில்’ (1930) படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பெற்றார். திரையரங்க உரிமையாளர்கள் வாக்களித்த வசூல் நட்சத்திரப் பட்டியலில் 1932, 1933 ஆகிய இரண்டு ஆண்டுகளும் முதலிடம் அவருக்கே. எந்த இளம் நட்சத்திரமும் அந்த இரண்டு ஆண்டுகளில் அவரை முந்தவில்லை. வாலஸ் பீரியோடு அவர் இணைந்த படங்களில் முரட்டு அன்பும் சண்டையுமாக ஒரு முதிர்ந்த ஜோடி திரை நிறைய நின்றது. அவர் 1934-இல் மறைந்தபின் அந்த இடத்துக்கு இன்னொருவரை வளர்த்தெடுக்க ஸ்டுடியோக்கள் முனையவில்லை. ரசிகர்கள் வந்தார்கள்; கதைகள்தாம் வரவில்லை.

மற்றபடி, பின்வயதுக் காதல் கேலியாகவே தொடர்ந்தது. மார்க்ஸ் சகோதரர்களின் ஏழு படங்களில் நடித்த மார்கரெட் டூமான்ட் பெரும்பாலும் செல்வமிக்க விதவையாகவே வந்து, பணத்துக்காக வட்டமிடும் க்ரூச்சோவின் வசைகளுக்கு நடுவே காதலை நம்பிக்கொண்டிருப்பார். அவர் நடிப்பின் கண்ணியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் சிரிப்பு அவர் மேல்தான் விழுகிறது. இந்த மரபைத் தலைகீழாக்கியது வைல்டரின் ‘சம் லைக் இட் ஹாட்’ (1959). பெண் வேடமிட்ட ஜாக் லெமனைக் காதலிக்கும் முதிய கோடீஸ்வரராக ஜோ ஈ. பிரவுன் தொடக்கத்தில் அசல் பிளாட்டஸ் கிழவர். படம் முடியும்போது, தான் ஆண் என்று லெமன் உடைத்துச் சொல்லியும் அவர் அசைவதில்லை. அந்தப் படத்தில் எல்லோரும் வேடம் போடுகிறார்கள், பொய் சொல்கிறார்கள். தொடக்கம் முதல் கடைசிவரை மனத்தை மறைக்காமல் காதலிப்பவர் அந்த முதியவர் ஒருவரே.

இரண்டாவதாக நான் நீண்ட நேரம் பேச விரும்புவது ‘டெஸ்க் செட்’ (1957). கேத்தரின் ஹெப்பர்னும் ஸ்பென்சர் டிரேசியும் சேர்ந்து நடித்த ஒன்பது படங்களில் இது எட்டாவது. ஹெப்பர்னுக்கு 50, டிரேசிக்கு 57. தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றில் கேட்ட தகவலைத் தேடித்தரும் பிரிவின் தலைவியாக ஹெப்பர்ன் வருகிறார். அங்கே கணினி ஒன்றை நிறுவ வரும் பொறியாளர் டிரேசி. வேலை போய்விடுமோ என்ற அச்சம் பிரிவுப் பெண்கள் எல்லோரையும் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம், நிறுவனத்தில் மேலே ஏறிக்கொண்டிருக்கும் இளைய அதிகாரி ஒருவர் ஹெப்பர்னை ஏழு ஆண்டுகளாகக் காக்கவைத்திருக்கிறார். அந்த அதிகாரியாக நடித்த கிக் யங் ஹெப்பர்னைவிட வயதில் இளையவர், தோற்றத்திலும் எடுப்பானவர். வழக்கமான படமாக இருந்தால் அவரே நாயகன்.

குளிர் நடுங்கவைக்கும் நாளில் மொட்டை மாடியில் அமர்ந்து டிரேசி ஹெப்பர்னிடம் புதிர்க் கேள்விகளாகக் கேட்டு அவருடைய அறிவைச் சோதிக்கும் காட்சியை நான் எந்தக் காதல் பாட்டுக்கும் மேலாக வைப்பேன். சாண்ட்விச்சை மென்றபடி, ஒவ்வொரு கேள்விக்கும் கேட்டதைத் தாண்டி விடை சொல்லிக்கொண்டே போகிறார் ஹெப்பர்ன். டிரேசியின் முகத்தில் முதலில் தொழில்முறை வியப்பு, பிறகு வேறு ஏதோ. அழகைக் கண்டு மயங்குவதுபோலவே ஒரு மனிதர் இன்னொருவரின் நினைவாற்றலையும் புலமையையும் கண்டு மயங்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நகைச்சுவைப் படம் எனக்குத் தெரியவில்லை. இருபது வயதுப் பாத்திரத்துக்கு இந்தக் காட்சியை எழுத முடியாது. அவ்வளவு படிப்பும் அனுபவமும் சேர்வதற்கு அவள் வாழ்ந்திருக்க வேண்டும். பின்னர் மழையில் நனைந்த டிரேசி ஹெப்பர்னின் வீட்டில் உடை மாற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருக்கையில் அந்த இளைய அதிகாரி வந்து நிற்கிறார். பல ஆண்டு மணவாழ்க்கை நடத்தியவர்கள்போல் இருவரும் இயல்பாக இருப்பதே அவரைத் துணுக்குறச் செய்கிறது. இருவரில் எவரும் இன்னும் ஒரு காதல் வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. இந்தத் திரைக்கதையை எழுதியவர்கள் ஃபீபி எஃப்ரன், ஹென்றி எஃப்ரன் தம்பதியர். அவர்களுடைய மகள் நோரா எஃப்ரன் எழுதிய ‘வென் ஹாரி மெட் சாலி’ (1989) படத்தின் இடையிடையே, தாங்கள் எப்படிச் சந்தித்தோம் என்று கேமராவைப் பார்த்துச் சொல்லும் மூத்த தம்பதிகள் வருகிறார்கள். மீண்டும் ஓரம்தான், ஆனாலும் அந்தப் படத்தில் மிகவும் நெஞ்சைத் தொடும் துண்டுகள் அவை.

இங்க்ரிட் பெர்க்மனின் இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்ப்பது பயனுள்ளது. ‘இன்டிஸ்க்ரீட்’ (1958) படத்தில் கேரி கிராண்ட், கல்யாணத்திலிருந்து தப்பிப்பதற்காக, தனக்கு ஏற்கெனவே மனைவி இருப்பதாகப் பொய் சொல்கிறார், ஏமாறுபவர் பெர்க்மன். பதினோரு ஆண்டுகள் கழித்து வந்த ‘காக்டஸ் ஃப்ளவர்’ (1969) படத்திலும் அதே பொய். பல் மருத்துவரான வால்டர் மாத்தௌ, தனக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருப்பதாக இளம் காதலி டோனியிடம் சொல்லி வைத்திருக்கிறார். அந்த மனைவியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று டோனி பிடிவாதம் பிடிக்க, தன் மருத்துவமனைச் செவிலியரையே மனைவியாக நடிக்கச் சொல்கிறார். செவிலியராக வருபவர் பெர்க்மன். ஏமாற்றப்பட்டவளாக முன்பு வந்தவர் இப்போது ஏமாற்றுக்குத் துணைபோகிறவர். அந்த நடிப்பின் வழியாகத்தான் பல ஆண்டுகளாகத் தன்னிடமே ஒப்புக்கொள்ளாத ஆசையை அவர் கண்டுகொள்கிறார்.

படம் வெளியானபோது பெர்க்மனுக்கு 54, மாத்தௌவுக்கு 49. நாயகி நாயகனைவிட ஐந்து வயது மூத்தவர் என்பதைப் படம் ஒரு பேச்சாகவே எடுக்கவில்லை. அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது. கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடையும் அளந்த பேச்சுமாக இருந்தவர், இரவு விடுதியில் இளைஞர்கள் நடுவே ஆடத் தொடங்கும் காட்சியைக் கேலியாக எடுத்திருக்கலாம். இயக்குநர் ஜீன் சாக்ஸ் அப்படிச் செய்யவில்லை. பெர்க்மனின் மகிழ்ச்சியை அப்படியே நின்று பார்க்கிறது கேமரா. டோனியாக நடித்த கோல்டி ஹான் துணை நடிகைக்கான ஆஸ்கர் பெற்றார். அவருக்கும் பெர்க்மனுக்கும் இடையிலான காட்சிகளில் போட்டி இல்லை, பரிவு இருக்கிறது. இந்தப் படத்தில் மூத்தவளுக்கு வழிவிடுபவள் இளையவள். பிளாட்டஸ் காலத்து ஒழுங்கு முழுவதுமாகக் கவிழ்கிறது.

‘ஜிஜி’ (1958) இசைப்படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; அதன் மையக் கதை பதின்வயதுப் பெண்ணைச் சுற்றியது, இன்று பார்க்கச் சங்கடமானது. ஆனால் ஷெவாலியேயும் ஹெர்மியோன் கிங்கோல்டும் சேர்ந்து பாடும் ஒரே ஒரு பாடலுக்காக அதை நினைவில் வைக்கலாம். தங்கள் பழைய சந்திப்பைப் பற்றி ஷெவாலியே சொல்லும் ஒவ்வொரு விவரமும் தவறு. ஒவ்வொன்றையும் கிங்கோல்ட் மென்மையாகத் திருத்துகிறார். சேராமல் போன காதல் எத்தனை ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருப்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது.

இன்னொரு படத்தை விதிவிலக்காகச் சேர்க்கிறேன், அது நகைச்சுவைப் படம் அன்று. லியோ மெக்கேரி ஒரே ஆண்டில், 1937-இல், ‘தி ஆஃபுல் ட்ரூத்’ என்ற நகைச்சுவையையும் ‘மேக் வே ஃபார் டுமாரோ’ என்ற துயரக் கதையையும் எடுத்தார். முன்னதற்கு இயக்குநர் ஆஸ்கர் கிடைத்தபோது, தவறான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்ற பொருளில் அவர் பேசியது புகழ்பெற்றது. வீட்டை இழந்து, பிள்ளைகளின் வீடுகளில் தனித்தனியே வாழ நேர்ந்த முதிய தம்பதியர், பிரியுமுன் சில மணி நேரம் நியூயார்க்கில் சுற்றுகிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தேனிலவுக்கு வந்த அதே விடுதிக்குப் போகிறார்கள், நடனமாடுகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மெக்கேரி படமாக்கிய முறை முழுக்க முழுக்கக் காதல் நகைச்சுவையின் முறை: கிண்டல், வெட்கம், சின்னச் சின்னப் பிணக்கு. முதியவர்களைக் காதலர்களாகப் பார்க்கும் கண் அந்தக் காலத்தில் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

வைல்டரின் ‘அவாந்தி!’ (1972) இதே பொருளை வேறொரு வழியில் தொடுகிறது. இத்தாலியில் விபத்தில் இறந்த தந்தையின் உடலைப் பெற வரும் அமெரிக்கத் தொழிலதிபர், பத்து ஆண்டுகளாக ஒவ்வொரு கோடையிலும் தந்தை இஸ்கியா தீவில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணியோடு தங்கியிருந்ததையும், இருவரும் ஒன்றாக இறந்ததையும் அறிகிறார். அந்த இரண்டு காதலர்களை நாம் உயிரோடு ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. ஆனால் பரபரப்பும் சிடுசிடுப்புமாக வந்த மகனுக்கு வாழக் கற்றுக்கொடுப்பவர்கள் அவர்களே.

பெண் மூத்தவராக இருக்கும் கதையை எல்லைவரை கொண்டுபோனது ‘ஹெரால்ட் அண்ட் மோட்’ (1971). எண்பதை எட்டப்போகும் மோடாக நடித்த ரூத் கோர்டனுக்கு அப்போது 75. ஹெரால்டாக நடித்த பட் கார்ட்டுக்கு 23. கோர்டன் வெறும் நடிகையல்லர். டிரேசி–ஹெப்பர்ன் ஜோடிக்காக ‘ஆடம்ஸ் ரிப்’ (1949), ‘பேட் அண்ட் மைக்’ (1952) ஆகிய படங்களைத் தம் கணவர் கார்சன் கேனினுடன் சேர்ந்து எழுதியவர். கேனின் அவரைவிடப் பதினாறு வயது இளையவர். முதிர்ந்தவர்களின் காதலைத் திரைக்கு எழுதியவரே, பிறகு அதைத் தம் உடலாலும் குரலாலும் நடித்துக் காட்டினார்.

பார்க்கத் தொடங்குகிறவர்கள் ‘தி டெவில் அண்ட் மிஸ் ஜோன்ஸ்’ படத்தை முதலிலும் ‘டெஸ்க் செட்’ படத்தை அடுத்தும் பார்ப்பது நல்லது. முதலாவது கருப்பு வெள்ளை, தொடக்கம் சற்று மெதுவானது, அங்காடிக்குள் கதை நுழைந்தபின் தொய்வே இல்லை. அதன்பின் ‘இன்டிஸ்க்ரீட்’ படத்தையும் ‘காக்டஸ் ஃப்ளவர்’ படத்தையும் இந்த வரிசையிலேயே பார்த்தால், ஒரே பொய்யை ஒரே நடிகை இரண்டு வயதுகளில் எப்படி எதிர்கொள்கிறார் என்பதை ஒப்பிட முடியும். ‘மேக் வே ஃபார் டுமாரோ’ படத்தை மட்டும் மனம் தாங்கும் நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.